மீன் தொட்டியில் கரியும் செம்மண்ணும்

லூனாஸ், பாடாங் செராய், கூலிம் என்று எங்கள் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும், இன்று பல வீடுகளின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடி மீன் தொட்டியைப் பார்க்கிறோம். லயத்தில் இருந்த காலத்தில் இதே ஆசை வேறு வடிவில் இருந்தது. கால்வாய் ஓரத்திலும் ஈரநிலத்துப் புல்லிலும் சண்டை மீன் பிடித்து, ஆளுக்கொரு ஜாம் போத்தலில் விட்டு, இரண்டு போத்தல்களுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகி வைப்பார்கள் பிள்ளைகள். இப்போது வீடு தாமானுக்கு மாறிவிட்டது. போத்தல் இரண்டடித் தொட்டியாகிவிட்டது. கப்பி, மோலி, தங்கமீன், கோய் எல்லாம் கடையிலிருந்து வருகின்றன.

தொட்டி வாங்கிய மூன்றாம் மாதத்தில் இரண்டு புகார்கள் எழும். ஒன்று, தண்ணீர் தேத்தண்ணீர் போல மஞ்சளித்து வாடை அடிக்கிறது என்பது. மற்றொன்று, கண்ணாடியில் பச்சைப் பாசி வழிக்க வழிக்க மறுபடியும் படிகிறது என்பது. கடைக்குப் போனால் முதல் புகாருக்குக் கறுப்பு மணிகள் ஒரு பொட்டலம் தருவார்கள். இரண்டாவதற்குச் செங்காவி நிற மணிகள் ஒரு பொட்டலம். இரண்டுக்கும் காசு கொடுக்கிறோம். இரண்டையும் ஒரே பையில் கொட்டி வடிகட்டிக்குள் போடுகிறோம். அடுத்த வாரமும் பாசி அப்படியே இருக்கிறது; சில வேளை மீனும் மிதக்கிறது. மாதச் சம்பளத்தில் பிள்ளைக்கென்று ஒதுக்கிய வெள்ளி இப்படிப் போகலாமா? அந்தக் கறுப்பு மணி எதைப் பிடிக்கும், சிவப்பு மணி எதைப் பிடிக்கும், இரண்டும் பிடிக்காதது எது என்பதை இன்று பார்ப்போம்.

இரண்டும் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் புதுத் தொட்டியில் பெரும்பாலும் மீனைக் கொல்வது அதுதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் நச்சுப் பொருளை நீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. கரி இதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. சிவப்பு மணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதைத் தின்று தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இவை வடிகட்டியின் பஞ்சிலும் தரைக் கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று சிறு மீன்களுக்கு மேல் விட வேண்டாம். அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவவும் கூடாது. குழாய் நீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாக்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வையுங்கள். சுத்தத்தில் கண்டிப்பான வீடுகளில்தான் மீன் அதிகம் சாகிறது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது.

இனி கறுப்பு மணிக்கு வருவோம். அது கரிதான். ஆனால் அடுப்புக் கரி அன்று. பேராக் மாநிலத்துக் கோலா செப்பெத்தாங்கில் சதுப்புநில மரங்களைச் சூளையில் அடுக்கி எரிக்கும் கரியை நாம் அறிவோம். சத்தே சுடும் அனலுக்கு அது வெகு சிறப்பு. மீன் தொட்டிக்கு அது உதவாது. காற்றுப் படாமல் கருக்கிய கரியின் நுண்துளைகளில் தார் போன்ற பொருள்கள் அடைத்துக்கொண்டிருக்கும். அதே கரியை 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியில் வாட்டினால் அடைப்பு அகன்று, துளைக்குள் துளையாகத் திறந்துவிடும். இதைத்தான் கடைக்காரர் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார். நாம் ஊக்கிய கரி என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஊக்கிய கரி ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால், 1000 சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஏழெட்டு கிராம் கரிக்குள் ஒரு பந்து விளையாட்டுத் திடல் சுருண்டு கிடக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த முறைக்கு 1900, 1901 ஆண்டுகளில் காப்புரிமை பெற்றவர் ரபேல் வான் ஒஸ்திரெய்க்கோ என்பவர். முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டபோது கொட்டாங்கச்சிக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. கொட்டாங்கச்சிக் கரி கடினமானது, மிக நுண்ணிய துளைகள் கொண்டது. இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் கொட்டாங்கச்சியிலிருந்தே ஊக்கிய கரி செய்து உலகெங்கும் அனுப்புகிறது. முற்காலத்தில் பால்மரத்தில் மங்குக்குப் பதிலாகக் கட்டிய அதே கொட்டாங்கச்சிதான், நேயர்களே! கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்த பிறகு நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மின்னணுச் சில்லுத் தொழிலுக்கு மிகத் தூய நீர் வேண்டும். அந்த நீரைத் தயாரிக்கும் வரிசையிலும் கரி வடிகட்டி ஒரு படியாக இருப்பது வழக்கம். மீன் தொட்டிக் கரியைப் பற்றி அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

கரி எதைப் பிடிக்கும்? மஞ்சள் நிறத்தை, வாடையை, குளோரினை, மருந்தை. இவை கரியின் துளைச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவது வேறு; இது சுவரில் ஈ ஒட்டுவது போல. சுவர் நிறைந்துவிட்டால் இடம் இல்லை. மூன்று நான்கு வாரத்தில் அந்த நிலை வரும். பார்வைக்குக் கரி அப்படியே கறுப்பாக இருக்கும் என்பதால் பலர் ஆறு மாதம் விட்டுவிடுகிறார்கள். அதைக் கொதிக்க வைத்தாலும் வெயிலில் காய வைத்தாலும் பழைய வலிமை திரும்பாது. மறுபடியும் சூளை வெப்பம் வேண்டும்.

மருந்து விஷயத்தைக் கவனியுங்கள். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் கண்டு நீல மருந்தோ பச்சை மருந்தோ ஊற்றுகிறோம். கரி உள்ளே இருந்தால் மருந்தைக் கரி குடித்துவிடும். மீனுக்கு ஒன்றும் சேராது. மருந்து போடும் நாள்களில் கரியை வெளியே எடுத்துவிட்டு, சிகிச்சை முடிந்ததும் புதுக் கரி போட்டு மிச்ச மருந்தை இழுத்துவிட வேண்டும். கரியின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் தெரியும். நோயும் இல்லை, நீரும் தெளிவு என்றால் கரி இல்லாமலே தொட்டி நன்றாக நடக்கும். ஆண்டு முழுதும் கரி வாங்கியே தீர வேண்டும் என்பது இல்லை.

சண்டை மீன் வளர்ப்போருக்கு ஒரு சொல். நம் வடபகுதிச் சதுப்புகளிலும் வயல் ஓரங்களிலும் வாழும் காட்டுச் சண்டை மீனுக்குப் பழுப்பு நீர் பழக்கமானது. அதற்காகத்தான் காய்ந்த கெத்தாப்பாங் இலையை, அதாவது நாட்டு வாதுமை இலையைப் போடுகிறோம். ஒரு பக்கம் இலையைப் போட்டு, மறுபக்கம் கரியையும் போட்டால், இலை தருவதைக் கரி பறித்துக்கொள்ளும். அந்தத் தொட்டிக்குக் கரி வேண்டாம்.

அடுத்தது பாசி. இதைக் கரியால் போக்க முடியாது. பாசிக்கு உணவு பாஸ்பேட்டு. பாஸ்பேட்டு கரியில் ஒட்டுவதில்லை. எவ்வளவு உறுதியாகப் பாஸ்பேட்டைக் குற்றம் சாட்டலாம் என்று கேட்டால், கனடா நாட்டில் ஒரு முழு ஏரியையே மீன் தொட்டியாக வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒண்டாரியோ மாநிலத்தில் 226 என்று எண்ணிட்ட ஏரி அது. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் நடுவே திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவ்விரண்டோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி அந்தக் கோடையிலேயே பச்சைக் குழம்பாகிவிட்டது. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கருநீலம் என்று ஆகாயத்திலிருந்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது.

நம் தொட்டியில் பாஸ்பேட்டைக் கொட்டுவது யார்? பெரும்பாலும் நாம்தான், நம் கையால்தான். மீன் தீனி மீன்தூளில் செய்தது. அதில் பாஸ்பரஸ் இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு கிராம் தீனி, அதாவது சிறு தேக்கரண்டியில் ஏறக்குறைய பாதி. அதில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நீர் நிற்கும். 30ஐ 45ஆல் வகுத்தால் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. ஒரே நாளில்! மீன் வளர்வதற்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் கழிவாக நீருக்கே வரும். பாட்டி காலையில் ஒரு முறை, பிள்ளை பள்ளி விட்டு வந்து ஒரு முறை, வேலை முடிந்து வந்த தகப்பனார் ஒரு முறை என்று மூவர் போட்டால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான பிளவர்ஹார்ன் மீன் வைத்திருப்போர் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அது கேட்டு வாங்கித் தின்கிற மீன்; வாயைக் காட்டினால் நம் மனம் இரங்கிவிடுகிறது.

ஆகவே பாசிக்கு முதல் மருந்து காசில்லாதது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும், நாளுக்கு ஒரு வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வளர்ந்த, நோயற்ற மீனுக்கு ஒரு நாள் பட்டினியால் ஒன்றும் ஆகாது. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால் கால் பங்கு பாஸ்பேட்டு வெளியே போகும். இதைச் செய்தும் பாசி அடங்கவில்லை என்றால்தான் செங்காவி மணி.

அந்தச் செங்காவி மணி என்ன என்று சொன்னால் தோட்டத்து மக்கள் சிரிப்பார்கள். இரும்புத் துருதான் அது. துருவைச் சிறு மணிகளாக உருட்டியிருக்கிறார்கள். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் பாஸ்பேட்டு உரம் போட்ட அனுபவம் நம் குடும்பங்களுக்கு உண்டு. கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட்டைச் சாக்குச் சாக்காக நம் தோட்டங்களில் தூவியிருக்கிறார்கள். போட்ட உரம் முழுதும் மரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. நம் மேட்டுநிலத்துச் செம்மண் ஒரு பெரும் பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டது. மண்ணைச் சிவப்பாக்கும் இரும்பு ஆக்சைடும், அதோடு கலந்துள்ள அலுமினிய ஆக்சைடும் பாஸ்பேட்டைக் கண்டால் இறுகக் கவ்விக்கொள்ளும். வேளாண்மைத் துறையினருக்கு இது தலைவலி. மீன் வளர்ப்போருக்கு இதுவே வரம். மரத்துக்குப் போக வேண்டிய உரத்தைத் தடுத்த அந்தக் குணத்தையே பொட்டலத்தில் அடைத்துப் பாசிக்குப் போகும் உரத்தைத் தடுக்க விற்கிறார்கள்.

அப்படியானால் கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடிச் செம்மண்ணை அள்ளிப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். மண் கரைந்து நீர் சேறாகும். களைக்கொல்லி தெளித்த நிலத்து மண்ணாக இருந்தால் ஆபத்து. மேலும் அந்த மண் ஏற்கெனவே உரம் தின்று நிறைந்திருக்கவும் கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரும்புத் துரு காற்றோட்டமுள்ள நீரில்தான் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும். காற்றற்ற சேற்றில் துரு உருமாறிக் கரையும், பிடித்ததை விட்டுவிடும். மழையில் அரித்துப்போன செம்மண் குளத்தடியில் நாறும் சேறாகக் கிடந்து, மறுபடி பாசி வளர்ப்பது இதனால்தான். ஆகவே சிவப்பு மணிப் பையை நீர் ஓடாத மூலையில் அமுக்கி வைக்கக் கூடாது. இதே பணிக்கு வெள்ளை மணிகளும் விற்பார்கள். அவை அலுமினிய ஆக்சைடு. நம் பக்கத்து மென்மையான நீர் நாள்பட நாள்பட அமிலத்தன்மை கொள்ளும். அமில நீரில் அலுமினியம் சிறிது கரையும். எனவே இரும்பு மணியையே நாங்கள் விரும்புவோம்.

இனி அமைக்கும் முறை. தொட்டி விளிம்பில் தொங்கும் வடிகட்டியானாலும், காற்றுப் பம்பில் ஓடும் பெட்டி வடிகட்டியானாலும் ஒழுங்கு ஒன்றே. நீர் முதலில் பஞ்சு வழியாகப் போக வேண்டும். கழிவுத் தூள் அங்கே தங்கிவிடும். பாக்டீரியாவும் அங்கே வாழும். அதன் பிறகு கரி. அதன் பிறகு சிவப்பு மணி. முறை மாறினால் கரியின் துளைகளைக் கழிவு மெழுகிவிடும். அதற்குப் பிறகு அது கரி அன்று, வெறும் கல். இரண்டையும் தனித்தனிச் சிறு வலைப்பைகளில் கட்டுங்கள். துவைத்துச் சோப்பு வாடை போன பழைய நைலான் காலுறை போதும். தனிப்பை எதற்கென்றால், கரியை மாற்றும் நாளும் மணியை மாற்றும் நாளும் வேறு. மருந்து போடும்போது கரி மட்டும் வெளியே வர வேண்டும்.

நாம் சொன்ன 45 லிட்டர் தொட்டிக்குக் கரி 40 முதல் 50 கிராம். கிட்டத்தட்ட இரண்டு கைப்பிடி. சிவப்பு மணி மூன்று மேசைக்கரண்டி போதும். முதல் இரு வாரத்துக்கு அதிலும் பாதி போடுங்கள். பாஸ்பேட்டு மளமளவென்று இறங்கினால் தொட்டியில் உள்ள நல்ல செடிகளும் பட்டினி கிடக்கும். இரண்டையும் போடுமுன் வாளியில் நீர் தெளியும்வரை அலச வேண்டும். கரியைத் தேய்த்துக் கழுவலாம். சிவப்பு மணியைத் தேய்க்கக் கூடாது. அது துரு அல்லவா, நொறுங்கித் தூளாகி நீரைச் சிவக்கடிக்கும். மெதுவாக ஆட்டி வடித்தால் போதும்.

கரி வாங்கும்போது ஒரு கண் வேண்டும். மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் கரியும், எலும்புக் கரியும் உண்டு. அவை தாமே பாஸ்பேட்டை நீரில் விடக்கூடியவை. கறுப்பு மணி பாசி உணவைப் போட, சிவப்பு மணி அதை எடுக்க, நடுவில் நம் காசு கரைவதைப் பாருங்கள்! பொட்டலத்தில் கொட்டாங்கச்சிக் கரி என்று இருந்தால் நல்லது. சந்தேகமானால் ஒரு குவளை சுத்த நீரில் ஒரு கரண்டிக் கரியை ஒரு நாள் போட்டு வைத்து, பாஸ்பேட்டுச் சோதனை மருந்தை விட்டுப் பாருங்கள். பாஸ்பேட்டு இருந்தால் நீலம் காட்டும். அந்தச் சோதனைக் குப்பியைப் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டு வாங்கலாம். குழாய் நீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். சிவப்பு மணி எப்போது நிறைந்தது என்பதையும் அதுவே சொல்லும். நன்னீர் மீனுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பாஸ்பேட்டால் தீங்கு ஒன்றும் இல்லை, தொந்தரவு பாசியால்தான். சுழியத்துக்கு இறக்க வேண்டும் என்று யாரும் மல்லுக்கட்ட வேண்டாம்.

சிவப்பு மணிக்கும் காசு செலவழிக்க மனமில்லாதோர் கங்கோங் கீரைத் தண்டு நாலைந்தை எடுத்து, வேர் மட்டும் நீரில் தொங்கும்படி தொட்டி விளிம்பில் செருகி வைக்கலாம். நல்ல வெளிச்சம் இருந்தால் இரண்டே வாரத்தில் வேர் விட்டு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு இரண்டையும் இழுத்து வளரும். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கிள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு பாஸ்பேட்டு தொட்டியை விட்டு வெளியேறுகிறது. ஆனால் மருந்து ஊற்றிய தொட்டியின் கீரையைச் சமைக்கக் கூடாது.

பாசி தின்னட்டும் என்று பண்டாராயா மீனை வாங்கி விடுகிறவர்கள் உண்டு. கடையில் விரல் நீளம் இருக்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். அதுவும் கழிவு விடும். பாஸ்பேட்டை அது குறைப்பதில்லை. வளர்ந்த பிறகு தொட்டியில் இடம் போதாமல் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு ஆறுகளில் அது பெருகி, நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. எக்காரணத்தாலும் தொட்டி மீனை ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பம்புக் கம்பி நேரே சுவர்த் துளைக்கு இறங்கினால், கம்பி வழியே வழியும் நீரும் அங்கேயே இறங்கும். கம்பி முதலில் துளையின் மட்டத்துக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறித் துளைக்குப் போகும்படி விடுங்கள். நீர் அந்தத் தொங்கலிலிருந்து தரையில் சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அடைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். காற்றுப் பம்பைத் தொட்டி நீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள். கரண்டு நின்றால் குழாய் வழியே நீர் பம்புக்குள் திரும்பாது. அந்தப் பம்புக்குப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதீர்கள். அறைக் காற்றைத்தான் அது இழுத்து நீரில் விடுகிறது. சுருள் புகையில் உள்ள பூச்சிமருந்து மீனுக்கு நஞ்சு.

கரியை மாற்றும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தீர்ந்த கரியையும் தீர்ந்த சிவப்பு மணியையும் குப்பையில் போடலாம். வாரந்தோறும் வெளியே எடுக்கும் கால் பங்கு நீர் பதினோரு லிட்டர் வரும். மருந்து ஊற்றாத நீரானால் அதைக் கால்வாயில் கொட்டாமல் கறிவேப்பிலைக்கோ கத்தரிச் செடிக்கோ ஊற்றுங்கள். செம்மண் தனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செடிக்குக் கொடுக்கும்.